மௌனத்துக்கு முன் பேச வேண்டியவை

(சுருட்டப்பள்ளி, நாகலாபுரம், ராமகிரி க்ஷேத்திர யாத்திரையின் நடுவே பிச்சாட்டூரில் கூடிய உறுப்பினர்கள் முன்னிலையில் மகளிர் அணி சார்பில் ஆற்றிய உரை)



காலையில் சுருட்டப்பள்ளியில் எல்லோரும் நல்ல தரிசனம் செய்தோம். ஆலகால விஷத்தை உண்ட களைப்பில் ஸ்வாமி அம்பாள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் கோலம் வேறு எங்கும் சுலபத்தில் கிடைக்காது. அதே கோவிலில் தக்ஷிணாமூர்த்தியையும் பார்த்தீர்கள். மற்ற இடங்களில் தனியாக உட்கார்ந்திருப்பவர், இங்கே அம்பாளோடு இருக்கிறார். வாய் திறக்காமல் உபதேசம் செய்தவர் அவர் என்று குழந்தையிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். அதனால் நான் பேசப்போகும் விஷயம் நமக்குப் புதிதல்ல. மௌனத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதுவே ஒரு வேடிக்கைதான்.

வருகிற ஐப்பசியில் இமாசலப் பிரதேசம் காங்ரா பள்ளத்தாக்கில் உள்ள ஒரு பௌத்த பிக்ஷுணிகள் மடத்தில், இருபத்தொரு நாள், தனியாக ஓர் அறையில், பேசாமல் தியானத்தில் இருக்கப் போகிறேன். மடத்தின் பெயரைச் சொல்லவில்லை. அவர்கள் சின்ன இடம், இத்தனை மாமிகளுக்கும் அறை கொடுக்க அவர்களால் முடியாது. எனக்கு வயது 64. முழங்கால் வலி உண்டு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு. காபி இல்லாமல் காலைப் பொழுது விடியாத வம்சம். இப்படிப்பட்டவள் எதற்குக் கிளம்பினேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்காத்துக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்தது. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது புரியும், பதில் வராது. அப்படி எட்டு மாதம் இருந்தார். அவர் பேசாத குறையைத் தீர்க்க நான் நாள் பூராவும் பேசினேன். பால்காரர் வந்தது, பேத்தி பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கினது, டிவியில் சொன்னது, எதையும் விடவில்லை. ஒருநாள் சாயங்காலம் அவர் இடது கையை மெள்ளத் தூக்கி என் வாய் மேல் வைத்தார். கோபம் இல்லை. கண்ணில் சிரிப்புகூட இருந்தது. கொஞ்சம் சும்மா இரேன் என்பதுதான் அர்த்தம். என்னால் அப்போது சும்மா இருக்க முடியவில்லை. அழுதேன், அப்புறம் மறுபடி பேசினேன். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கை இன்னும் என் வாய் மேல் இருப்பது போலத்தான் இருக்கிறது.

போன வருஷம் சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேதுவில் பத்து நாள் விபஸ்ஸனா வகுப்புக்குப் போனேன். கோயங்காஜி வழியில் நடப்பது. அவர் 1924இல் பர்மாவில் மாண்டலேயில் ஆசாரமான ஹிந்துக் குடும்பத்தில் பிறந்தவர். தாங்க முடியாத ஒற்றைத் தலைவலிக்காக ஊ பா கின் என்பவரிடம் போனார். ஊ பா கின் யார் தெரியுமா? சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல். ஏ.ஜி. ஆபீஸ் பென்ஷனர்கள் இங்கே நாலைந்து பேர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது! தலைவலிக்கெல்லாம் இந்த வித்தையைச் சொல்லித் தருவதில்லை என்று முதலில் அவர் மறுத்துவிட்டாராம். கோயங்காஜி 1969இல் இந்தியா வந்து வகுப்புகள் நடத்த ஆரம்பித்து, 2013இல் காலமானார்.

அங்கே காலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். ராத்திரி ஒன்பதரைக்கு விளக்கு அணைப்பார்கள். நடுவில் சுமார் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பது, நாலாம் நாளிலிருந்து உடம்பு முழுவதும் உணர்ச்சிகளைக் கவனிப்பது. போன், புத்தகம், பேனா, காகிதம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள். ஜாடை காட்டுவதும் கூடாது. காஞ்சிப் பெரியவா காஷ்ட மௌனம் இருந்த நாட்களில் ஜாடைகூடக் காட்டமாட்டார் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே கட்டுப்பாடு. கட்டணம் கிடையாது. முடித்தவர்கள் மட்டும் இஷ்டப்பட்டதைக் கொடுக்கலாம். பத்தாம் நாள் காலையில் மௌனத்தை முடித்து வைப்பார்கள். அப்போது நாற்பது பெண்கள் ஒரே சமயத்தில் பேசியதைக் கேட்டபோது, நான் எங்காத்துக்காரருக்குச் செய்தது என்ன என்று எனக்கு விளங்கியது.

ஆனால் அங்கே மணி அடிக்க ஆள் இருக்கிறது, சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறார், பக்கத்தில் உட்காருகிறவர்கள் எழுந்து ஓடாததால் நாமும் ஓடுவதில்லை. தனியாக இருப்பது வேறு. அதற்கு ஆயத்தம் வேண்டும்.

வீட்டில் சொன்னதும் முதலில் வந்த கேள்வி, நம்மிடம் இல்லாததா, பௌத்த மடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்பது. நியாயமான கேள்வி. நம்மிடம் எல்லாம் இருக்கிறது. ஆனால் ஒரு பெண்மணி தனியாகப் போய், துணைக்கு யாரும் இல்லாமல், மூன்று வாரம் ஓர் அறையில் பேசாமல் உட்கார நம்மிடம் எத்தனை இடம் இருக்கிறது? பெண்களே நடத்தும் ஸ்ரீசாரதா மடம் 1954இல்தான் வந்தது. பௌத்தர்களிலும் கதை அவ்வளவு சுலபமாக இல்லை. இலங்கையில் சங்கமித்திரை ஏற்படுத்திய பிக்ஷுணி சங்கம் சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன் அற்றுப்போய், 1996இல் சாரநாத்தில் இலங்கைப் பெண்கள் சிலர் தீக்ஷை பெற்ற பிறகுதான் திரும்பத் தழைத்தது. பெண்கள் உட்கார ஓர் இடம் கேட்பது எந்த மதத்திலும் பழைய கேள்வி.

இன்னொன்றும் சொன்னேன். பௌத்தத் துறவியான மணிமேகலையின் கதை நம் கைக்கு வந்தது யாரால்? உ.வே. சாமிநாதையரால். 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தார். பௌத்த மத விஷயங்கள் புரியாமல் தவித்தபோது, பேராசிரியர் மளூர் ரங்காசாரியார் அந்த மத நூல்களைப் படித்து அவருக்குச் சொன்னார். ஓர் ஐயரும் ஓர் ஐயங்காரும் உட்கார்ந்து புத்த தர்மத்தைப் படித்ததால் அவர்கள் அனுஷ்டானம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இதைக் கேட்டதும் என் பெண் சிரித்துவிட்டு டிக்கெட் போட்டுக் கொடுத்தாள்.

பழைய ஆள் ஒருவரின் அனுபவமும் எனக்கு உதவியது. டென்சின் பால்மோ என்று ஒரு பிக்ஷுணி. 1943இல் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். 1976 முதல் 1988 வரை பன்னிரண்டு வருஷம், லாஹூல் மலையில் 13,000 அடிக்கு மேல் ஒரு குகையில் இருந்தவர். பிறகு காங்ரா பள்ளத்தாக்கில் டோங்யு கட்ஸல் லிங் என்ற பெண்கள் மடத்தை 2000இல் ஆரம்பித்தார். குகை வாழ்க்கை என்றதும் நாம் சமாதியையும் சித்தியையும் நினைப்போம். எனக்குப் பிடித்தது அவருடைய மளிகை லிஸ்ட். குளிர்காலத்தில் பனி மூடிவிடும் என்பதால் அரிசி, பருப்பு, மாவு, மண்ணெண்ணெய் எல்லாம் முன்கூட்டியே வந்து சேர வேண்டும். டர்னிப்பும் உருளைக்கிழங்கும் தானே பயிரிட்டார். கடைசி மூன்று வருஷம் யாரையும் பார்க்காத கடுந்தனிமை. அது முடிவதற்குள் 1988இல் போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினார். விசா காலாவதி! ஆக, ஞானத்துக்குப் போகிறவர்களும் காகிதங்களைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, என் ஆயத்தத்துக்கு வருகிறேன். யாராவது போக நினைத்தால் உபயோகப்படும்.

முதலில் உடம்பு. மூன்று மாதம் முன்பிருந்தே தினம் காலையில் ஒரு மணி, சாயங்காலம் ஒரு மணி உட்கார்ந்து பழகினேன். தரையில் முடியாவிட்டால் நாற்காலியில் உட்காரலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. டாக்டரிடம் சொல்லி, மாத்திரைகளை ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே எடுத்து வைத்தேன். மாத்திரையை நிறுத்திவிட்டுத் தியானத்தில் குணமாக்கிக்கொள்ளலாம் என்று யாரும் நினைக்காதீர்கள். மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்துகொள்கிறவர்களும், துக்கம் நடந்து சில மாதமே ஆனவர்களும் இப்போதைக்குத் தனி மௌனத்துக்குப் போக வேண்டாம். டாக்டரிடமும், நடத்துகிறவர்களிடமும் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அவர்கள் சரி என்றால்தான் கிளம்ப வேண்டும்.

அடுத்தது காபி. சிரிக்காதீர்கள். திருமுடிவாக்கத்தில் முதல் இரண்டு நாள் எனக்கு வந்த மண்டையிடிக்கும் பூர்வ ஜன்ம வினைக்கும் சம்பந்தமில்லை, காபியை ஒரேயடியாக நிறுத்தினால் வருகிற தலைவலி அது. இந்தத் தடவை இரண்டு வாரம் முன்பே டிகாக்ஷனைப் பாதியாக்கி, பிறகு கால்வாசியாக்கி நிறுத்திவிடப் போகிறேன். சாப்பாடு பற்றி மடத்துக்கு எழுதிக் கேட்டேன். சைவம்தான், வெங்காயம் பூண்டு உண்டு என்று பதில் வந்தது. அவர்கள் வீட்டுக்குப் போய் அவர்கள் சமையலில் சட்டம் பேச எனக்கு உரிமை இல்லை. சம்மதித்துவிட்டேன்.

மூன்றாவது அனுஷ்டானம். பத்து நாள் வகுப்பில் ஜபம், பாராயணம், விரதம், விளக்கேற்றுவது எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். மற்ற வழிகளை அவர்கள் குறை சொல்லவில்லை, கற்றுக்கொள்ளும் நாட்களில் கலக்க வேண்டாம் என்கிறார்கள். பெண்களாகிய எங்களுக்கே இது கொஞ்சம் உறுத்தியது. ஆண்களுக்கு ஸந்த்யாவந்தனம் நித்யகர்மா. ஒருநாளும் விடமாட்டேன் என்று வைராக்கியம் உள்ளவர், விண்ணப்பத்தில் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ரூமில் திருட்டுத்தனமாகச் செய்வது ஸந்த்யைக்கும் மரியாதை இல்லை, அந்த இடத்துக்கும் மரியாதை இல்லை. அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வதே சரி. எங்கள் ஆத்து சாஸ்திரிகளிடம் என் விஷயத்தைக் கேட்டேன். வருஷ திதி நடுவில் வராமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார். பஞ்சாங்கம் பார்த்துத்தான் தேதி வைத்தேன்.

நாலாவது, வீட்டுக்கு ஒரு கடிதம். எந்தச் செய்தி வந்தால் என்னைக் கூப்பிட வேண்டும், எதற்குக் கூப்பிட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழாய் ஒழுகினால் வேண்டாம். சீமந்தத் தேதி குறித்தால் வேண்டாம். யாருக்காவது உடம்பு மோசமானால் மடத்து ஆபீஸுக்கு ஒரு போன். இதை முன்கூட்டித் தீர்மானிக்காவிட்டால், அங்கே உட்கார்ந்திருக்கும்போது காது வாசலிலேயே இருக்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு, எல்லாம் ஆயத்தம் என்று நினைத்துக்கொண்டு, ஒத்திகை பார்க்க இந்த ஊருக்கு வந்தேன்.

பிச்சாட்டூர் என் அப்பாவின் ஊர். அப்போது சித்தூர் மாவட்டம், 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டம். அப்பா கட்டின வீடு நாம் இப்போது சாப்பிட்ட இடத்திலிருந்து நடக்கிற தூரம்தான். பூட்டிக் கிடந்தது. பெருக்கித் துடைத்து, அரிசி பருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு, ஏழு நாள் தனியாக மௌனம் இருப்பது என்று உட்கார்ந்தேன். செல்போனை அணைத்து பீரோவில் வைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தெலுங்கில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன், ஏழு நாள் பேசமாட்டேன் என்று. அவர் அதைப் படித்துவிட்டு, பாவம் தொண்டையில் ஏதோ ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு தினம் ரசம் கொண்டுவந்து வைத்தார். மறுத்துச் சொல்லவும் வழியில்லை!

முதல் இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. விடிகாலையில் அரணியாறு அணைக்கரை வரை நடப்பேன், திரும்பி வந்து உட்காருவேன். மூன்றாம் நாள் தொடங்கியது. மூச்சைக் கவனித்தால் மூச்சு இல்லை, என் தம்பிதான் இருந்தான்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் தம்பி, இந்த வீட்டை விற்றுவிடலாமா அக்கா என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை, மனதில் வைத்துக்கொண்டேன். பதிமூன்றாம் நாள் சுபத்தன்று, சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "அப்பா வீட்டை விக்கணும்னுதானே நீ காத்துண்டிருந்தே" என்று பத்துப் பேர் முன்னிலையில் சொன்னேன். அவன் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். அதிலிருந்து பேச்சு இல்லை.

அந்த ஒரு வாக்கியம் இந்த வீட்டு முற்றத்தில், மூன்றாம் நாள் காலையிலிருந்து நாலாம் நாள் மத்தியானம் வரை, நிற்காமல் என் குரலிலேயே எனக்குக் கேட்டது. முதலில் அவன் மேல் கோபமாகத்தான் வந்தது. நாலாம் நாள், எவ்வளவோ தடவை திருப்பிப் பார்த்த பிறகு, ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. அவன் கேட்ட தேதி. ஆஸ்பத்திரியில் மூன்றாவது தடவையாகப் பணம் கட்டச் சொல்லி, நான் வளையலைக் கழற்றிக் கொடுத்தனுப்பிய மறுநாள் அது. அவன் தனக்காகக் கேட்கவில்லை, எனக்காகக் கேட்டிருக்கிறான். இரண்டு வருஷமாக இது எனக்குத் தெரியாமல் போயிற்று. நான் அந்த வாக்கியத்தை மேலே மேலே பேசிக்கொண்டே இருந்ததால் கேட்கவில்லை.

பீரோவைத் திறந்து போனை எடுத்தேன். மௌனம் நாலாம் நாளே முறிந்தது. மணி அடித்து எடுத்தான். நான் பேர் சொன்னேன், அப்புறம் வார்த்தை வரவில்லை. அவனும் சும்மா இருந்தான். பிறகு, "அக்கா, சாப்ட்டியா?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். அன்னிக்கு நான் சொன்னது தப்பு என்றேன். "கிணத்து மோட்டார் ஓடறதா?" என்றான். ஓடுகிறது என்றேன். அவ்வளவுதான் பேச்சு. வீட்டைப் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அவனுக்கு விற்க வேண்டும், எனக்கு வேண்டாம். ஆனால் இன்றைக்கு யாத்திரை பஸ்ஸில் உங்களோடு அவனும் வந்திருக்கிறான். எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லமாட்டேன், கூச்சப்படுவான்.

மீதி மூன்று நாள் நான் உட்கார்ந்தது வேறு மாதிரி இருந்தது. பெரிய அனுபவம் ஒன்றும் இல்லை. மூச்சு வந்தது, போயிற்று. கவனிக்க முடிந்தது.

இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் பிச்சாட்டூர் ஏரி நிரம்பினால், கரை தாங்குமா என்று கடைசி நிமிஷம் வரை காத்திருப்பதில்லை. ஊத்துக்கோட்டைப் பக்கம் கரையோர ஊர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, மதகைத் திறந்து தண்ணீர் விடுகிறார்கள். மௌனத்துக்கும் அதுதான் ஆயத்தம் என்று எனக்குப் படுகிறது. உள்ளே நிரம்பிக் கிடப்பதைக் கொஞ்சமாவது திறந்துவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டும். யாருக்காவது மன்னிப்புச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லிவிட வேண்டும். நன்றி சொல்லாமல் விட்டிருந்தால் அதையும். அவர்கள் போய்விட்டிருந்தால், ஒரு காகிதத்தில் எழுதியாவது வைக்க வேண்டும். நான் எங்காத்துக்காரருக்கு ஒரு கடிதம் எழுதி ஸ்வாமி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

அதனால் என் லிஸ்டில் இப்போது முதல் வரி மாறிவிட்டது. மாத்திரை, கம்பளி, டார்ச், ரயில் டிக்கெட் எல்லாம் கீழே. மேலே ஏழு பெயர்கள். ஒவ்வொருவரிடமும் நேரிலோ போனிலோ பேசி அடித்துக்கொண்டு வருகிறேன். நாலு பேர் ஆகிவிட்டது. மூன்று பேர் பாக்கி. அதில் ஒருவர் என்னோடு பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதையும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். எல்லாக் கடனும் தீர்ந்துதான் கிளம்ப முடியும் என்றால் யாருமே கிளம்ப முடியாது. ஆனால் என்ன பாக்கி என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

திரும்பி வருவதற்கும் ஓர் ஆயத்தம் உண்டு. முடிந்த அன்றே ரயில் ஏறாமல் இரண்டு நாள் பதான்கோட்டில் தங்கிவிட்டு வருவேன். வந்ததும் வாட்ஸ்அப்பில் ஞானோபதேசம் அனுப்பமாட்டேன் என்று என் பெண்ணுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் கொடுக்கிறேன்.

பெண்மணிகளுக்கு ஒரு விண்ணப்பம். எல்லோரும் இமயமலைக்குப் போக வேண்டாம். ஏகாதசியன்று காலையில் இரண்டு மணி நேரம் பேசாமல் இருந்து பாருங்கள். அதற்கு முதல் நாள், பேச வேண்டிய ஒருவரிடம் பேசிவிடுங்கள். வீட்டில் யாராவது நோயில் பேச முடியாமல் படுத்திருந்தால், சிறிது நேரம் அவர்கள் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். அதை நான் செய்யவில்லை. செய்யாததைத்தான் கற்றுக்கொள்ளப் போகிறேன்.

அடுத்து ராமகிரி போகிறோம். நந்தியின் வாயிலிருந்து தீர்த்தம் சத்தமில்லாமல் வந்துகொண்டே இருக்கும், பாருங்கள்.  எல்லோரும் க்ஷேமமாக இருக்க அம்பாளைப் பிரார்த்தித்துக்கொண்டு, இனி கொஞ்சம் சும்மா இருக்கிறேன். நமஸ்காரம்.